சிவாவா: இவ்வளவு சிறிய நாய்க்கு அவ்வளவு கோபம் ஏன்?

மூன்றாம்மாடி எழுதியது:

எங்கள் வீட்டில் ஒரு சிறு நாய் வளர்க்கலாம் என்று பேச்சு எழுந்திருக்கிறது. அப்பாவுக்கு எழுபது வயது கடந்துவிட்டது. ஊரில் இருந்த காலத்தில் ராஜபாளையம் வளர்த்தவர், இப்போது சென்னையில் எங்களோடு அடுக்ககத்தில் இருக்கிறார். பெரிய நாயை இழுத்துப் பிடிக்கும் வலு தமக்கு இல்லை என்பதை அவரே ஒப்புக்கொள்கிறார். நானும் கணவரும் வேலைக்குப் போன பிறகு பகலெல்லாம் கூடவே இருக்க ஒரு சின்ன உயிர் போதும் என்பது அவர் எண்ணம். தோழி ஒருத்தியின் வீட்டில் சிவாவாவைப் பார்த்ததிலிருந்து அவருடைய கண் அதன்மேல்தான் இருக்கிறது.

ஆனால் விசாரித்த இடத்திலெல்லாம் ஒரே பாட்டுதான்: கடிக்கும், ஓயாமல் குரைக்கும், எந்நேரமும் நடுங்கிக்கொண்டிருக்கும். மூன்று கிலோகூட இல்லாத ஒரு பிராணியின் மேல் இத்தனை புகாரா என்று வியப்பாக இருக்கிறது. இது அந்த இனத்தின் பிறவிக் குணமா, வளர்ப்பவர்கள் கெடுத்த குணமா? வளர்த்துப் பார்த்தவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும். விலையைப் பற்றியோ விற்பவர்களைப் பற்றியோ நான் கேட்கவில்லை.

வராந்தாக்காரர் எழுதியது:

தோழி கேட்ட கேள்வி சரியான கேள்வி. நான் பல ஆண்டுகளாகச் சிவாவா வளர்ப்பவன் என்பதால் முதலில் ஒன்றை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்: கோபம் உண்மைதான். ஆனால் அந்தக் கோபம் எப்படி உருவாகிறது என்று பார்த்தால் பாதிக்கு மேல் நம் கைங்கரியம்.

ஒரு நாய் தனக்குப் பிடிக்காததை எடுத்த எடுப்பில் கடித்துச் சொல்வதில்லை. முதலில் முகத்தைத் திருப்பிக்கொள்ளும்; பிறகு மூக்கை நக்கிக்கொள்ளும், தூக்கம் வராதபோதே கொட்டாவி விடும், உடம்பு விறைக்கும், கண்ணின் வெள்ளை பிறை போல ஓரத்தில் தெரியும், உதடு லேசாக மேலேறும், அதற்குப் பிறகு உறுமும். இவ்வளவும் பலிக்காதபோதுதான் பல் வெளியே வரும். ஓர் அல்சேஷன் உறுமினால் அறையில் இருக்கும் அத்தனை பேரும் பின்வாங்குகிறோம். சிவாவா உறுமினால் என்ன செய்கிறோம்? சிரிக்கிறோம். இன்னொரு முறை உறுமட்டும் என்று விரலை நீட்டிச் சீண்டி, அதைக் கைப்பேசியில் படமெடுத்து உறவினர்களுக்கெல்லாம் அனுப்புகிறோம். உறுமியும் பயனில்லை, கடித்தால் மட்டுமே கை விலகுகிறது என்று பத்து முறை கண்ட நாய், பதினோராவது முறை உறுமலில் நேரத்தை ஏன் வீணாக்கப்போகிறது?

தூக்குவதையும் யோசித்துப் பாருங்கள். லேப்ரடாரை யாரும் முன்னறிவிப்பின்றித் தரையிலிருந்து தூக்குவதில்லை. சிவாவாவையோ வீட்டுக்கு வந்தவர், பக்கத்து வீட்டுப் பிள்ளை, வேலைக்கார அம்மா என்று எல்லோரும் தூக்குகிறார்கள்; அதுவும் பின்னாலிருந்து, மேலிருந்து, தூங்கும்போது. தன்னைவிட முப்பது மடங்கு எடையுள்ள ஓர் உருவம் தலைக்கு மேல் குனிந்து கைகளை இறக்கினால் எந்த உயிருக்கும் வரக்கூடிய எதிர்வினைதான் அதற்கும் வருகிறது.

இதையெல்லாம் மீறி இந்த நாயை ஏன் விரும்புகிறோம் என்றால், அதன் பாசம் பங்கு போடப்படாமல் வருவதால்தான். பெரும்பாலான சிவாவாக்கள் வீட்டில் ஒருவரைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளும், மற்றவர்களைச் சகித்துக்கொள்ளும். என் நாய் காலையில் வராந்தாவில் வெயில் விழும் கட்டத்தில் படுத்திருக்கும், வெயில் நகர நகரத் தானும் அரையடி அரையடியாக நகரும். ஆனால் நான் நாற்காலியில் காலை மாற்றிப் போட்டால்கூட ஒரு காது என் பக்கம் திரும்பிவிடும். செருப்பைத் தேடுகிறேனா, வெறுமனே எழுந்திருக்கிறேனா என்ற வேறுபாடு என் மனைவிக்குத் தெரிவதற்கு முன்பே அதற்குத் தெரிந்துவிடும். நாய் இனங்களைப் பதிவு செய்யும் அமெரிக்கன் கென்னல் கிளப்பின் இன வரையறை, இந்த நாயிடம் டெரியர் என்ற வேட்டைநாய் வகைக்கு உரிய தன்னம்பிக்கையும் தன்முக்கியத்துவமும் இருக்க வேண்டும் என்று சொல்கிறது. அதாவது மடியில் கிடக்கும் பொம்மையாக இருப்பது அந்த வரையறைப்படியே குறைதான்.

இரட்டைப்பிள்ளைத்தாய் எழுதியது:

வராந்தாக்கார ஐயா சொன்னது அழகாக இருக்கிறது. ஆனால் எல்லாப் பழியையும் மனிதர்கள் தலையில் சுமத்துவதை ஏற்க எனக்கு மனமில்லை. என் நாத்தனார் வீட்டுச் சிவாவாவை யாரும் சீண்டியதில்லை, அடித்ததில்லை. என் நான்கு வயது மகன் பாட்டியிடம் ஏதோ சொல்ல சோபாவில் சாய்ந்தான். பாட்டியின் மடியில் இருந்த நாய் அவன் உதட்டைக் கவ்விவிட்டது. இரண்டு தையல், அதற்குப் பிறகு வெறிநாய்க்கடித் தடுப்பூசி முழுத் தவணையும் போட அலைந்தோம். நாய்க்குத் தடுப்பூசி போட்டிருந்ததால் பெரிய கவலை இல்லை என்றாலும் குழந்தையின் பயம் இன்னும் தெளியவில்லை. உருவம் சிறியது என்பதால் கடி சிறியது ஆகிவிடாது. இனத்திலேயே ஏதோ இருக்கிறது என்றுதான் நான் நினைக்கிறேன்.

கால்நடை மருத்துவர் எழுதியது:

சகோதரி சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. 2008-இல் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள், முப்பதுக்கும் மேற்பட்ட இனங்களை வளர்ப்பவர்களிடம் விரிவான வினாத்தாள் வைத்துத் திரட்டிய விடைகளை ஒப்பிட்டு வெளியிட்டார்கள். மனிதர்களிடமும் பிற நாய்களிடமும் சராசரியைவிட மிகுந்த ஆக்ரோஷம் காட்டும் இனங்களாக டாக்ஷண்டும் சிவாவாவும் அதில் இடம்பெற்றன. மூர்க்கமானவை என்று பெயரெடுத்த ராட்வைலரும் பிட்புல்லும் அல்ல என்பதே அன்று செய்தித்தாள்களுக்குத் தீனியானது. மறுபுறம், 2010-இல் வியன்னா கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகத்திலிருந்து வந்த ஆய்வு, 20 கிலோவுக்கு உட்பட்ட நாய்களையும் அதற்கு மேற்பட்டவற்றையும் ஒப்பிட்டது. சிறிய நாய்களை வளர்ப்பவர்கள் அவற்றோடு பயிற்சியிலும் விளையாட்டிலும் குறைவாக ஈடுபடுகிறார்கள், இன்று தடுத்ததை நாளை அனுமதிக்கிறார்கள். தண்டனை மிகும்போது சிறிய நாய்களிடம் அச்சமும் ஆக்ரோஷமும் மிகுந்து காணப்படுகின்றன என்று அது காட்டியது. இரண்டும் உரிமையாளர்களின் வாய்மொழியை நம்பிய ஆய்வுகள்; எது காரணம், எது விளைவு என்று அவற்றை வைத்து அறுதியிட முடியாது. என் மேசைக்கு வரும் நாய்களைப் பார்த்த அளவில், பிறப்பிலேயே எச்சரிக்கை மிகுந்த ஒரு நாயை நாம் கவனக்குறைவாகக் கையாளுகிறோம் என்பேன்.

மடியில் இருந்தபடி கடித்தது என்ற விவரம் முக்கியமானது. அந்த நாய்க்கு அந்த மடிதான் சொத்து. தரையில் விட்டிருந்தால் ஒதுங்கிப் போயிருக்கும். மடியில் இருந்து எங்கே போகும்? பள்ளி செல்லும் வயதை எட்டாத குழந்தைகள் இருக்கும் வீட்டுக்குச் சிவாவாவை நான் பரிந்துரைப்பதே இல்லை. குழந்தைக்கு ஆபத்து என்பது ஒரு பக்கம். குழந்தை நாயைக் கைதவற விட்டால் முன்னங்கால் எலும்பு முறிந்து வரும் என்பது இன்னொரு பக்கம். சோபாவிலிருந்து குதித்தே முறித்துக்கொண்டு வருபவை உண்டு.

யாரும் பேசாத ஒன்றையும் சொல்ல வேண்டும். குணம் என்று நாம் பெயர் வைப்பதில் ஒரு பங்கு வலி. இந்த இனத்தில் முழங்கால் சில்லு இடம் நழுவுவது மிகச் சாதாரணம். நடக்கும்போது திடீரென்று ஒரு பின்னங்காலைத் தூக்கி இரண்டு மூன்று எட்டுத் துள்ளிவிட்டு மறுபடி ஊன்றினால் அதுவாகத்தான் இருக்கும். சின்னத் தாடையில் பற்கள் நெருக்கியடித்து முளைக்கின்றன. பால்பல் விழாமல் அதன் பக்கத்திலேயே நிலைப்பல் வந்துவிடும். இடுக்கில் உணவு தங்கி ஈறு அழுகும். ஈறு வலிக்கும் நாயின் கன்னத்தைத் தடவினால் அது சீறத்தான் செய்யும். திடீரென்று சிடுசிடுப்பு மிகுந்துவிட்டது என்று அழைத்து வருகிறார்கள். பல்லைச் சுத்தம் செய்து கெட்டதைப் பிடுங்கியதும் பழைய நாய் திரும்பிவிட்டது என்கிறார்கள். மூச்சுக்குழாயும் வலுவற்றது. அதனால் கழுத்துப்பட்டையில் கயிறு கட்டி இழுக்காதீர்கள், மார்பைச் சுற்றி வரும் ஹார்னெஸ் போடுங்கள்.

ஏடுபுரட்டி எழுதியது:

இந்த நாயின் பூர்வீகத்தைச் சற்றுப் பார்த்தால் அதன் கவர்ச்சி இன்னும் விளங்கும். மெக்சிகோவின் வட மாநிலமான சிவாவா அமெரிக்க எல்லையை ஒட்டியது. 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் எல்லை தாண்டி வந்த அமெரிக்கர்கள் அங்கே வாங்கிச் சென்ற குட்டி நாய்களுக்கு அந்த மாநிலத்தின் பெயரே ஒட்டிக்கொண்டது. அமெரிக்கன் கென்னல் கிளப் 1908-இல் முதல் சிவாவாவைப் பதிவேட்டில் ஏற்றியது. வளர்ப்பாளர்களின் மரபு, பண்டைய மெக்சிகோவின் தொல்தெக் மக்கள் வளர்த்த தெச்சிச்சி என்ற சிறு நாயை மூதாதையாகச் சொல்கிறது. மேற்கு மெக்சிகோவின் கோலிமா பகுதியில் ஈராயிரம் ஆண்டுக்கு முந்தைய கல்லறைகளில் கிடைத்த சுடுமண் நாய்களையும் சான்றாகக் காட்டுவார்கள்; கொழுகொழுவென்று, நிமிர்ந்த காதோடு, பார்க்க அவ்வளவு அழகு. எனினும் அவை மயிரற்ற மெக்சிகோ நாயான ஷோலோவின் உருவங்கள் என்று கருதுவோரே மிகுதி.

மரபணு ஆய்வுகள் கதையை இன்னும் சுவையாக்கிவிட்டன. 2013-இல் வெளிவந்த ஆய்வு ஒன்று, தாய்வழியாக மட்டும் இறங்கும் மரபணுவில் சிவாவாவுக்கும் கொலம்பஸுக்கு முந்தைய மெக்சிகோ நாய்களுக்கும் பொதுவான ஒரு கூறு இருப்பதைக் கண்டது. 2018-இல் வந்த பெரிய ஆய்வோ, ஐரோப்பியர் வருகைக்குப் பின் அமெரிக்கக் கண்டத்துப் பழைய நாய்கள் ஏறக்குறைய முற்றாக அழிந்துபோயின, இன்றைய நாய்களில் மிஞ்சியிருப்பது மிகச் சொற்பம் என்றது. இரண்டும் முரண் அல்ல. தாய்வழிக் கொடியின் ஓர் இழை தப்பிப் பிழைத்திருக்கிறது. மற்ற உடல் பெரும்பாலும் கப்பலில் வந்து இறங்கியது.

உடல் சிறுத்ததற்கும் ஒரு கதை உண்டு. வளர்ச்சிக் காரணி ஒன்றைக் கட்டுப்படுத்தும் மரபணுவின் மாறுபட்ட வடிவம் சிறிய இன நாய்களில் பரவலாக இருப்பது 2007-லேயே தெரியும். மனிதன் வளர்க்கத் தொடங்கிய பிறகு தோன்றியது என்றுதான் எல்லோரும் எண்ணினார்கள். 2022-இல் அதே சிறுமை வடிவம் சுமார் 54,000 ஆண்டுகளுக்கு முந்தைய சைபீரிய ஓநாய் ஒன்றின் எலும்பில் கண்டறியப்பட்டது. நாய் என்ற ஒன்று உருவாவதற்கு முன்பே சிறுமை ஓநாயின் இரத்தத்தில் இருந்திருக்கிறது என்று ஆகிறது.

இனி மோகத்தின் கதை. 1997-இல் டாக்கோ பெல் உணவகத்தின் விளம்பரங்களில் ஒரு சிவாவா பேசத் தொடங்கியது. 2000 வரை அமெரிக்கத் தொலைக்காட்சியில் அது நட்சத்திரம். அதைத் தொடர்ந்து ஹாலிவுட் நடிகைகளின் கைப்பைக்குள்ளிருந்து தலை நீட்டும் நாகரிகம் வந்தது. கைப்பையில் வைக்கத்தக்கது என்று வாங்கியவர்கள், அது ஓர் உண்மையான நாய் என்பதைக் கண்டதும் கைவிட்டார்கள். 2009-ஐ ஒட்டிக் கலிஃபோர்னியாவின் காப்பகங்களில் சிவாவாக்கள் நிரம்பி வழிந்து, விமானத்தில் ஏற்றிக் கிழக்கு மாநிலங்களுக்கு அனுப்பும் அளவுக்குப் போயிற்று. நம் ஊரிலும் இன்று சமூக ஊடகக் காணொளி பார்த்துக் குட்டி கேட்பவர்களை நினைத்தால் எனக்குச் சற்று அச்சமாகவே இருக்கிறது.

டொராண்டோவாசி எழுதியது:

நடுக்கத்தைப் பற்றி மட்டும் நான் சொல்லலாம். உடல் சிறியதாக இருக்கும்போது அதன் கன அளவோடு ஒப்பிடத் தோலின் பரப்பு மிகுதி. அதனால் வெப்பம் விரைவாக வெளியேறுகிறது. எங்கள் ஊர் ஜனவரியில் எங்கள் சிவாவாவுக்குக் கம்பளிச் சட்டையும் காலுறையும் இல்லாமல் வாசலைக் காட்டவே முடியாது. சிறுநீர் கழிக்கக் கதவுக்குள்ளேயே தாள் விரித்திருக்கிறோம். ஆனால் கதகதப்பான அறையிலும் அது நடுங்குவது உண்டு: உணவுத் தட்டின் ஓசை கேட்டால், யாராவது கத்திப் பேசினால், வீட்டுக்கு விருந்தினர் வந்தால். மகிழ்ச்சி, அச்சம், குளிர் மூன்றுக்கும் அதனிடம் இருப்பது ஒரே நடுக்கம்தான். வாலையும் காதையும் பார்த்துத்தான் எது என்று பிரித்தறிய வேண்டும். சென்னை வெயிலில் இவற்றில் ஒன்று குறைந்துவிடும். அங்கே குளிர்சாதன அறையில் ஒரு பழைய போர்வை கொடுத்துவிடுங்கள், தானே உள்ளே புகுந்து சுருண்டுகொள்ளும். போர்வைக்குள் நாய் இருக்கிறதா என்று தடவிப் பார்க்காமல் மட்டும் உட்கார்ந்துவிடாதீர்கள்.

மூன்றாம்மாடி எழுதியது:

அனைவருக்கும் மிக்க நன்றி. எங்கள் வீட்டில் சிறு குழந்தைகள் இல்லை என்பதால் அந்தக் கவலை குறைவு. இன்னும் மூன்று ஐயங்கள். குரைப்பது அடுக்ககத்தில் தொல்லையாகுமா? கீழே தெருநாய்கள் இருக்கின்றன, அப்பா அழைத்துச் செல்லும்போது என்ன செய்வது? விற்பவர் ஒருவர், வளர்ந்த பிறகும் ஒரு கிலோவைத் தாண்டாத ‘டீகப் சிவாவா’ இருக்கிறது, அதன் குணம் இன்னும் சாந்தம் என்கிறார். அது உண்மையா?

கால்நடை மருத்துவர் எழுதியது:

கடைசிக் கேள்விக்கு முதலில் விடை. டீகப் என்று ஓர் இனமோ உட்பிரிவோ எந்த அமைப்பின் ஏட்டிலும் கிடையாது. அது விற்பனைச் சொல். சிவாவாவில் இருக்கும் பிரிவு குறுமயிர், நெடுமயிர் என்ற இரண்டுதான். அமெரிக்க வரையறை உச்ச எடையை ஆறு பவுண்டு, அதாவது சுமார் 2.7 கிலோ என்று நிறுத்துகிறது. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட கென்னல் கிளப் ஆஃப் இந்தியாவில் பதிவு செய்த குட்டி என்றால் அதற்குத் தோலடியில் மைக்ரோசிப் இருக்கும், எண்ணைச் சரிபார்த்துக்கொள்ளலாம்.

ஒரு கிலோவைத் தாண்டாத நாய் சாந்தமாகத் தெரிவதற்குப் பெரும்பாலும் நோயே காரணம். இரத்தத்தில் சர்க்கரை குறைந்த குட்டி சாதுவாகத்தான் படுத்திருக்கும். கொஞ்ச நேரத்தில் தள்ளாடும், பிறகு வலிப்பு வரும். இவ்வின எல்லாக் குட்டிகளுக்குமே முதல் சில மாதங்கள் சிறு சிறு அளவில் நாளுக்கு நான்கு வேளையாவது உணவு வேண்டும். மிகச் சிறியவற்றுக்கு ஒரு வேளை தவறினாலும் ஆபத்து. தேனையோ சர்க்கரைக் கரைசலையோ ஈறில் தடவிவிட்டு மருத்துவமனைக்கு ஓட வேண்டியிருக்கும். மண்டையோட்டின் உச்சிக்குழி மூடாமல் இருப்பதும் இந்த இனத்தில் உண்டு. அமெரிக்க வரையறை அதைப் பொறுத்துக்கொள்கிறது. உலக நாய்ச் சங்கக் கூட்டமைப்பின் வரையறை தகுதிநீக்கமே செய்கிறது. இதில் நான் கூட்டமைப்பின் பக்கம். 2023-இல் உலகின் மிகக் குட்டையான நாயாக கின்னஸ் அறிவித்தது 9.14 சென்டிமீட்டர் உயரமுள்ள ஒரு சிவாவாவை. அந்தச் செய்தி வந்தபோது எங்களைப் போன்றவர்கள் மகிழவில்லை.

வராந்தாக்காரர் எழுதியது:

குரைப்பு தொல்லையாகத்தான் இருக்கும், ஆனால் குறைக்கலாம். லிஃப்ட் நிற்கும் ஓசைக்கு ஒவ்வொரு முறையும் குரைக்கும் நாயை அதட்டினால், நீங்களும் சேர்ந்து குரைப்பதாகவே அது எடுத்துக்கொள்ளும். ஓசை வந்ததும் அது உங்களைத் திரும்பிப் பார்க்கும் அந்த ஒரு நொடியில் ஒரு சின்னத் துணுக்குத் தீனி கொடுங்கள். சில வாரங்களில் ஓசை கேட்டதும் வாசலுக்கு ஓடாமல் அப்பாவிடம் ஓடிவரும். கதவின் கீழ் இடுக்கை ஒரு துணியால் அடைப்பதும் பாதி வேலையை முடித்துவிடும்.

தெருநாய் விஷயத்தில் கவனம் தேவை. தெருநாய் நெருங்கியதும் பதறி நாயைத் தலைக்கு மேல் தூக்கினால் அது எட்டிப் பாயத்தான் பாயும். வயதானவர் தடுமாறி விழுந்துவிடுவார். தூரத்தில் பார்த்த உடனேயே அமைதியாக எடுத்து மார்போடு அணைத்து, உடலைப் பக்கவாட்டில் திருப்பியபடி நடந்துவிடுவது நல்லது. அதைவிட நல்லது, மொட்டை மாடியிலோ வாகன நிறுத்தத்திலோ நடக்க வைப்பது. இந்த நாய்க்கு அரை மணி நேர நடை ஏராளம். ஆனால் நடையே வேண்டாம், மடி போதும் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். மண்ணை மோந்து பார்க்கவும் மனிதர்களைத் தொலைவிலிருந்து பார்க்கவும் வாய்ப்பில்லாத சிவாவாதான் வீட்டுக்கு வரும் ஒவ்வொருவரையும் திருடனாகப் பார்க்கிறது.

இன்னொன்று: இது பல சமயம் பதினைந்து வயதையும் தாண்டக்கூடிய இனம். அப்பாவுக்காக வாங்கினாலும் அது உங்கள் பொறுப்பாக மாறும் நாள் வரும். அதனால் குட்டியை விட, ஐந்தாறு வயதான நாய் ஒன்று கிடைத்தால் அதையே எடுங்கள். குணம் கண்ணுக்கு முன் இருக்கும், ஊகிக்க வேண்டியதில்லை.

தேரடித்தெரு எழுதியது:

இவ்வளவு யோசனை எதற்கு? நம் ஊரில் எல்லோரும் பொமரேனியன் என்று அழைக்கும் வெள்ளை நாய்தானே மூன்று தலைமுறையாக மத்தியதர வீடுகளில் வளர்ந்தது? அதற்கு இந்தக் குளிரும் சர்க்கரையும் எதுவும் இல்லை.

ஏடுபுரட்டி எழுதியது:

அந்த வெள்ளை நாய்களில் பெரும்பாலானவை இந்தியன் ஸ்பிட்ஸ். பொமரேனியனைவிடப் பெரியவை, நம் வெயிலுக்குப் பழகியவை, நல்ல நாய்கள். ஆனால் அவற்றின் குரைப்போடு ஒப்பிட்டால் சிவாவா மௌனவிரதம் என்றே சொல்லலாம். முடி உதிர்வதையும் துடைப்பம் பிடிப்பவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

மூன்றாம்மாடி எழுதியது:

ஒரு வழி திறந்திருக்கிறது. வெளிநாடு செல்லும் குடும்பம் ஒன்று தங்கள் ஐந்து வயதுப் பெண் சிவாவாவுக்கு நல்ல இடம் தேடுகிறது. கருத்தடை அறுவை முடிந்தது, தடுப்பூசி அட்டையும் இருக்கிறது. வரும் ஞாயிறு அப்பாவோடு போய்ப் பார்க்கப்போகிறோம். அங்கே எதைக் கவனிக்க வேண்டும்?

வராந்தாக்காரர் எழுதியது:

அப்பாவைச் சற்றுத் தாழ்வான இருக்கையில், நாய்க்கு நேரே அல்லாமல் பக்கவாட்டில் உட்காரச் சொல்லுங்கள். கையை நீட்ட வேண்டாம், கூப்பிட வேண்டாம், கண்ணையும் உற்றுப் பார்க்க வேண்டாம், வீட்டாரோடு பேசிக்கொண்டிருக்கட்டும். முதலில் குரைத்தால் பொருட்படுத்தாதீர்கள். குரைப்பு அடங்க எவ்வளவு நேரம் ஆகிறது என்பதும், அடங்கிய பிறகு தானாக வந்து செருப்பை மோந்து பார்க்கிறதா என்பதும்தான் முக்கியம். கட்டிலுக்கடியில் போய்த் திரும்பியே வராவிட்டால் இரண்டாவது முறை வருகிறோம் என்று சொல்லிவிட்டு எழுந்துவிடுங்கள், அன்றே முடிவு செய்யாதீர்கள். இப்போது வளர்ப்பவரிடமே அதன் பாதங்களையும் காதையும் வாயையும் தொட்டுக் காட்டச் சொல்லுங்கள். எந்த இடத்தில் விறைக்கிறது என்று பாருங்கள். அறைக்குள் நடக்கவிட்டுப் பின்னங்காலை மருத்துவர் சொன்னபடி கவனியுங்கள். ஒத்துவந்தால், என்ன உணவு, எந்த நேரத்தில், எந்தச் சொல்லுக்கு என்ன செய்யும் என்பதை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அது படுத்த போர்வையைத் துவைக்காமல் அப்படியே கேட்டு எடுத்து வாருங்கள். முதல் வாரம் உறவினர் யாரையும் நாய் பார்க்க அழைக்காதீர்கள்.